குழப்படிக்காரன் என்று பெயர் எடுத்த பிள்ளை பிறகு போதைக்குப் போவானா?

யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கம் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. ஏடிஎச்டி (கவனம் நிற்காமல், அளவுக்கு மிஞ்சித் துருதுருவென்று இருக்கும் கோளாறு) என்று வைத்தியர் சொல்லி, மெதில்பெனிடேட் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார். குளிசைப் பெட்டி மூன்று கிழமையாக அலுமாரிக்குள் கிடக்கிறது, இன்னும் திறக்கவில்லை. இப்படியான பிள்ளைகள் வளர்ந்தால் போதைக்குத்தான் போவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிசையே ஒரு போதைதான், கொடுத்துப் பழக்கினால் பிறகு ஐஸ், தூள் என்று தேடிப் போவான் என்பது மாமியாரின் வாதம். இதற்குமேல் அந்தத் தாயின் சொந்தத் தம்பி, 27 வயது, ஹெரோயின் பழக்கத்தால் இரண்டு தரம் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போய் வந்தவர். "சின்னனில என்ர தம்பியும் இவனைப் போலத்தான் அண்ணை, அச்சு அசல்" என்று எழுதி முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

தங்கச்சி, நான் வைத்தியர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் உளவளத்துணை வேலையில் இருந்தவன். இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன்: வாங்கிலில் இருக்கமாட்டாமல் நெளியும் பிள்ளைகளையும், பிறகு போதையில் இருந்து மீளப் போராடும் பெடியன்களையும். சில வேளை இரண்டும் ஒரே ஆள்.

தொடர்பு இருக்கிறது. அதை மறைத்து ஆறுதல் சொல்ல விருப்பமில்லை. சிறுவயதிலிருந்து வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2011இல் வந்தது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் பிறகு நிக்கொட்டினுக்கு அடிமையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு. மதுவால் வரும் கோளாறு 1.7 மடங்கு, கஞ்சா 1.6, கொக்கெயின் 2.

மடங்கு என்ற சொல் ஆளைப் பயப்படுத்தும். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 100 பெடியன்களில் 8 பேர் குடியால் கெடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த 1.7 மடங்கின்படி, ஏடிஎச்டி உள்ள 100 பேரில் அது 13 பேர் அளவில் வரும். அந்த ஐந்து பேர் கூடுவது சின்ன விஷயம் இல்லைத்தான். ஆனால் மிச்சம் 87 பேர் குடிக்குள் விழவில்லை. "இப்படியான பிள்ளைகள் போதைக்குத்தான் போவார்கள்" என்று உங்களுக்குச் சொன்னவர் இந்த 87 பேரையும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது ஐஸ் இல்லை, சிகரட். கடலால் வந்த கேரளக் கஞ்சாப் பொதி வடமராட்சியில் பிடிபட்டால் பேப்பரில் படத்தோடு வரும். ஒழுங்கை முடக்குக் கடையில் 14 வயதுப் பெடியனுக்கு ஒற்றைச் சிகரட் விற்பது எந்தப் பேப்பரிலும் வராது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்கவே கூடாது. செம்மண்ணில் புகையிலை நட்டு, திருவிதாங்கூர் வரைக்கும் ஏற்றி விற்ற ஊர் எங்களுடையது. சுருட்டு மணக்கிற அப்புவின் மடியில் வளர்ந்தவர்களுக்குப் புகையைப் போதையாகப் பார்க்க இன்னும் கண் பழகவில்லை. உங்கள் மகனில் முதலில் காக்கவேண்டிய இடம் எது என்று கேட்டால், அந்த முடக்குக் கடைதான் என்பேன்.

சரி, ஏன் இப்படி? மூளைக்குள் டோபமின் என்று ஒரு இரசாயனம். ஒரு வேலையில் மனம் ஒட்டவும், "கொஞ்சம் பொறு, பிறகு பலன் கிடைக்கும்" என்று தன்னைத்தான் பிடித்து வைக்கவும் அது வேண்டும். ஏடிஎச்டி உள்ளவர்களில் அந்த ஏற்பாடு வேறு மாதிரி வேலை செய்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள, தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதி முதிர்வதும் பிந்துகிறது. பிறகு கிடைக்கும் பெரிய பலனைவிட இப்போதே கிடைக்கும் சின்னச் சுவை அவர்களை இழுக்கும். போதைப்பொருள் தருவது அந்த உடனடிச் சுவையைத்தான், அதுவும் அளவுக்கு மிஞ்சி. ஏடிஎச்டி, போதைப் பழக்கம் இரண்டும் ஓரளவு பரம்பரையாகவும் வருகின்றன. ஏடிஎச்டி யாருக்கு வருகிறது என்பதில் முக்கால்வாசி பரம்பரையின் கணக்கு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே மகனில் தம்பியைக் காண்பது உங்கள் கண்ணின் பிழை இல்லை.

ஆனால் மூளை ஒரு பாதிக் கதை. மற்றப் பாதி எங்கள் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் நடப்பது. நான் பார்த்த ஒரு பெடியனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். தரம் 3இல் கணக்குக் கொப்பியில் முதல் இரண்டு கணக்கும் சரி. மூன்றாவது பாதியில் நிற்கும். நான்காவது இடத்தில் ஒரு பட்டம், வாலோடு, விண்ணோடு, நூல் எங்கே கட்டுவது என்பது வரைக்கும் வடிவாகக் கீறியிருக்கும். கீழே சிவப்பு மையால் "கவனமில்லை". அடுத்த பக்கமும் அப்படியே. புலமைப்பரிசில் பரீட்சைக்கு விடிய ஐந்து மணிக்கு எழுப்பி, பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் இன்னொரு ரியூசன் என்று ஓட்டினார்கள். வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. தகப்பன் பெல்ட்டால் அடித்தார். தரம் 7இல் பின்வாங்கில், தரம் 8இல் பாதிநாள் வகுப்புக்கு வெளியே. ஒன்பதாம் வகுப்பில் அவனாகவே வெளியே போகப் பழகிவிட்டான். போன இடம் ஒரு மதகு. அங்கே அவனைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். அவர்கள் யாரும் அவனிடம் கொப்பி கேட்கவில்லை. ஓடு, ஏறு, பாய் என்றால் முதலில் செய்பவன் இவன்தான் என்பதால் அங்கே அவனுக்கு மரியாதை.

முதல் சிகரட் அங்கேதான். அதைப்பற்றிப் பின்னொரு நாள் என்னிடம் சொன்னான்: "அண்ணை, ஒண்டு பத்தினால் தலைக்குள்ள இருக்கிற இரைச்சல் கொஞ்சம் அடங்கும்." பொய் இல்லை. நிக்கொட்டின் கொஞ்ச நேரத்துக்குக் கவனத்தைக் கூர்மையாக்கும். வைத்தியம் கிடைக்காத பிள்ளை, தன் வருத்தத்துக்குத் தானே கடையில் மருந்து வாங்குகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு பாக்கும் புகையிலையும் கலந்த மாவா, பிறகு கஞ்சா. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை.

இந்தக் கதையில் ஏடிஎச்டி தனியே எங்கேயும் அவனைத் தள்ளவில்லை. அடி, அவமானம், பின்வாங்கில், மதகு என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு பெரியவரின் கை இருக்கிறது. ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன: ஏடிஎச்டியோடு நடத்தைக் கோளாறும் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளில்தான் ஆபத்து மிகவும் கூடுகிறது. நடத்தைக் கோளாறு என்றால் களவு, கடுமையான சண்டை, பொருட்களை உடைப்பது, வீட்டை விட்டு ஓடுவது போன்றவை தொடர்ச்சியாக இருப்பது. துருதுரு என்று இருப்பதும் சொல்வழி கேளாமல் இருப்பதும் அதற்குள் அடங்காது. உங்கள் மகனைப்பற்றி நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. பென்சில் தொலைக்கிறான், இடையில் புகுந்து கதைக்கிறான், செருப்பில்லாமல் றோட்டுக்கு ஓடுகிறான். அவ்வளவுதான். ஒன்பது வயது என்பது நல்ல வயது, தங்கச்சி. மதகுக்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது.

இனி அந்தக் குளிசை. மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. மெதில்பெனிடேட் ஒரு தூண்டல் மருந்து. மூளையில் டோபமினைக் கூட்டித்தான் வேலை செய்கிறது. ஐஸ் என்கிற மெதம்பெட்டமினும் டோபமினில்தான் கைவைக்கிறது. பிறகு என்ன வித்தியாசம்? அளவும் வேகமும். குளிசையாக விழுங்கினால் மருந்து மூளையில் உச்சத்துக்கு ஏற ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும், பிறகு மெல்ல இறங்கும். இப்படி ஆறுதலாக ஏறும் டோபமின் கவனத்தைத் தருமே தவிர வெறியைத் தராது. ஐஸைப் புகையாக இழுத்தால் சில விநாடியில் மூளைக்குப் போய்ச் சேரும், அளவும் பல மடங்கு. அந்தத் திடீர் ஏற்றத்தைத்தான் மூளை திரும்பத் திரும்பக் கேட்கும். கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும், அதே தண்ணீர் மாரியில் வெள்ளமாக வந்து பயிரை அள்ளுவதும் ஒன்றா? மாமியாருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். தோட்டம் செய்த குடும்பம் என்றால் விளங்கும்.

இது நேற்று வந்த மருந்தும் இல்லை. 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியில் லியாந்திரோ பனிசோன் என்ற வேதியியலாளர் தயாரித்தது. இது விற்பனைக்கு வந்த ரிட்டலின் என்ற பெயரே அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரில் இருந்து வந்ததுதான். பிள்ளைகளுக்கு இவ்வளவு காலம் கொடுத்து, இவ்வளவு ஆராய்ந்து பார்த்த மனநல மருந்துகள் குறைவு.

கொடுத்தால் பிறகு போதைக்குப் போவார்களா என்ற கேள்வியையும் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2003இல் வந்த தொகுப்பாய்வு, சிறுவயதில் மருந்து எடுத்தவர்களில் பிற்காலப் போதைப் பிரச்சினை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றது. 2013இல் 15 ஆய்வுகளைச் சேர்த்த இன்னொன்று, மருந்து கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்றது. 2014இல் சுவீடனில், ஏடிஎச்டி உள்ள 38,000க்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் போதைப் பிரச்சினை 31 வீதம் குறைவு. 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் மருத்துவக் காப்புறுதிப் பதிவுகள்: ஒரே ஆள் மருந்து எடுத்த மாதங்களையும் எடுக்காத மாதங்களையும் ஒப்பிட்டால், எடுத்த மாதங்களில் போதை தொடர்பான சம்பவங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைவு. 579 பிள்ளைகளோடு தொடங்கி, வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்றில் இருந்து 2023இல் வந்த முடிவு, திரும்பவும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்பதே.

ஆக, மருந்து போதையில் இருந்து காக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அதைப்பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. மருந்து போதைக்குத் தள்ளும் என்ற பயத்துக்கோ, நான் மேலே சொன்ன எந்தப் பெரிய கணக்கிலும் ஆதாரம் இல்லை. மூன்று கிழமையாக அலுமாரிக்குள் கிடக்கும் பெட்டி உங்கள் மகனை எதில் இருந்தும் காப்பாற்றவில்லை.

எங்கள் ஊரில் இந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, சொல் ஒற்றுமை. காய்ச்சலுக்குப் போடுவதும் குளிசை, பெடியன்கள் களவாக வாங்கிப் போடும் போதைக் குளிசையும் குளிசை. "பிள்ளைக்குக் குளிசை குடுக்கிறாவாம்" என்று ஒழுங்கையில் ஒருவர் சொன்னால் கேட்பவர் நினைப்பது இரண்டாவதை. ஊர்வாயை மூட முடியாது. யாருக்குச் சொல்வது என்பதையாவது நீங்கள் தெரிவு செய்யலாம்: வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள், மிச்சப் பேருக்கு அவசியமில்லை.

கொடுக்கத் தொடங்கினால் சில விஷயம். பசி குறையும், ஆகவே காலைச் சாப்பாட்டை முதலில் கொடுத்துவிட்டுக் குளிசையைக் கொடுங்கள். பின்னேரம் பிந்திக் கொடுத்தால் இரவு நித்திரை வராது. நிறை, உயரம், இரத்த அழுத்தம் மூன்றையும் கிளினிக்கில் ஒவ்வொரு தரமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறந்தால் நினைவூட்டுங்கள், அதில் வெட்கம் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு இருந்தால் தொடங்க முன்னமே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். பெட்டி உங்கள் கையில், பூட்டின அலுமாரிக்குள். எண்ணிக் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மகன் இல்லை, உங்கள் தம்பி. நீங்கள் எழுதியபடி அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். இந்த மருந்தைப் பொடியாக்கி இழுத்தால் நான் மேலே சொன்ன வாய்க்கால் வெள்ளமாகிவிடும். தம்பி விஷயத்தையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தூண்டல் வகை இல்லாத அற்றொமொக்செற்றீன் போன்ற மருந்தும் உண்டு. எது பொருத்தம் என்று அவர் தீர்மானிப்பார்.

மருந்து கவனத்தைத் திருத்தலாம். பெல்ட்டை அது கழற்றி வைக்காது. பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்தது. எத்தனை வகுப்பறையில் பிரம்பு இன்னும் மேசையில் கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அடி இந்தப் பிள்ளைகளில் வேலை செய்யாது. அடுத்த நிமிடமே மறந்துவிடுவான், அவமானம் மட்டும் தங்கும். வேலை செய்வது சின்னச் சின்னக் கட்டளை, உடனடிப் பாராட்டு. "போய்ப் படி" என்றால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. "கொப்பியை எடு. மூன்று கணக்குச் செய். கொண்டுவந்து காட்டு." மூன்றும் செய்தால் ஐந்து நிமிடம் முற்றத்தில் ஓடட்டும். பிறகு அடுத்த மூன்று. வகுப்பில் முன்வாங்கில் கேளுங்கள். விடிய ஐந்து மணிக்கு எழுப்பும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். நித்திரை குறைந்த பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்? புலமைப்பரிசில் போனால் போகட்டும். இதைச் சொன்னதற்கு என்னோடு கோபித்துக்கொண்டு எழுந்துபோன பெற்றோரும் இருக்கிறார்கள்.

படிப்புக்கு வெளியே அவன் கெட்டிக்காரனாக இருக்கக்கூடிய ஒரு இடம் கட்டாயம் வேண்டும். உதைபந்து, நீச்சல், மிருதங்கம், சைக்கிள் திருத்துவது, எதுவாவது. மதகு தந்த மரியாதையை வேறு யாராவது முதலில் கொடுத்துவிடவேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் அவன் எங்கே, யாரோடு என்று தெரிந்துவைத்திருங்கள். வேவு பார்க்கச் சொல்லவில்லை. கூட்டாளிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தால் பாதி தெரிந்துவிடும். பெற்றோர் இப்படிக் கண்ணில் வைத்திருக்கும் பிள்ளைகள் போதைப் பக்கம் போவது குறைவு என்பது திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

இடையில் ஒரு விஷயம். எங்கள் மண்ணில் எல்லா அமைதியின்மையும் ஏடிஎச்டி இல்லை. போர்க்காலத்தில் பிள்ளைகள் திடுக்கிட்டு, சத்தத்துக்குப் பயந்து, வகுப்பில் மனம் ஒட்டாமல் இருந்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஏடிஎச்டி போலத்தான் இருக்கும். இன்றும் தகப்பன் குடித்துவிட்டு அடிக்கும் வீட்டுப் பிள்ளை அப்படியே இருப்பான். காது சரியாகக் கேளாத பிள்ளையும், எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளையும் அப்படித்தான். உங்கள் மகனைப் பார்த்த வைத்தியர் பள்ளிக்கூடத்து அறிக்கையும் கேட்டு, இரண்டு மூன்று தரம் சந்தித்துத்தான் முடிவு சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒழுங்கான முறை. பத்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். சத்தமில்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளும் இதே கோளாறோடு இருக்கலாம். குழப்படி செய்யாததால் யாருடைய கண்ணிலும் படமாட்டார்கள்.

இனி தம்பி. அவரைப்பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போதைச் சிகிச்சைக்கு வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏடிஎச்டி இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இருப்பது தெரியாமல் போதையை மட்டும் நிறுத்தினால் என்ன நடக்கும்? புனர்வாழ்வு நிலையத்தில் மணி அடித்து எழுப்பி, நேரத்துக்குச் சாப்பாடு தரும்வரை சரியாக இருப்பார். வீட்டுக்கு வந்து ஒரு வேலையில் சேர்ந்து மூன்று மாதத்தில் விட்டுவிடுவார், அந்த வெறுமையில் பழைய இடம் கூப்பிடும். இரண்டு தரம் போய் வந்தார் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு இதுதான் ஓடியது. கட்டாயம் அப்படித்தான் என்று சொல்லவரவில்லை, ஒரு தரம் பார்க்கவேண்டிய விஷயம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் தொலைபேசியில் கதைக்க விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது.

வளர்ந்த ஆளில் ஏடிஎச்டி என்று சொல்வதற்கு, 12 வயதுக்கு முன்னமே அறிகுறிகள் இருந்ததா என்று வைத்தியர் கேட்பார். 27 வயதுக்காரருக்குத் தன் எட்டு வயது எங்கே நினைவிருக்கும்? ஒரு தரம் ஒரு வயதான அம்மா, மகனுடைய பழைய தேர்ச்சி அறிக்கைகளை சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் காணி உறுதியோடு அதையும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஓரம் கறையான் அரித்திருந்தது. தரம் 2: "கெட்டிக்காரன். இருப்பிடத்தில் இருப்பதில்லை." தரம் 3: "முயன்றால் முதலாம் பிள்ளையாக வரலாம். கவனம் போதாது." தரம் 5: "குழப்படி." தரம் 8க்கு அறிக்கையே இல்லை. வைத்தியர் மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தார். மகனும் எட்டிப் பார்த்தான். 31 வயது ஆம்பிளை, முதலாவது தாளை எடுத்து "கெட்டிக்காரன் எண்டோ எழுதியிருக்கு?" என்று தாயைக் கேட்டான்.

உங்கள் அம்மாவின் பெட்டகத்தில் தம்பியுடைய அறிக்கைகள் கிடந்தால் எடுத்து வையுங்கள். அடுத்த கிளினிக்குக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவரையும் வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.